திரும்பிப் பார்த்த பாட்டுக்காரனும் என் ஐடி கார்டும்

எங்கள் மேனேஜரின் பையன் பியானோ பாட்டோடு கிரேக்கப் புராணம் படிக்கிறானாம். பெங்களூர் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது தயிர்சாதத்தைவிட அந்தப் பெருமையைத்தான் அவர் அதிகம் பிசைவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எங்க வீட்லயும் அதான் சார். கதையும் பாட்டுமா என் பொண்ணுக்கு நானே சொல்லித் தர்றேன்" என்று அளந்துவிட்டேன்.

"அப்போ ஆபீஸ் ஃபேமிலி டேல அவ மேடையேறட்டும்" என்றார், பொய் என்று தெரிந்துவிட்ட சிரிப்போடு.

ஆக, என் மானம் எட்டு வயது மகள் கையில். அவளோ பல் தேய்க்கவே பேரம் பேசுகிறவள்.

எங்கள் தங்கவயலான கேஜிஎஃபிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் நின்றபடியே போனில் கிரேக்கப் புராணம் படித்தேன். படிக்கப் படிக்க மரியாதை குறைந்தது. அந்தச் சாமிகளுக்கு வேலைவெட்டி கிடையாது. ஒருத்தர் பெண்ணைத் தூக்கிப்போக மாடாக மாறுகிறார். ஒருத்தர் பெற்ற பிள்ளைகளையே விழுங்குகிறார். எங்கள் தெருவில் குடிவந்திருந்தால் ஒரே மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். குழந்தைக்குச் சொல்லும்படி தேறியது ஒன்றே ஒன்று: பாம்பு கடித்துச் செத்த மனைவியை மீட்க, யாழோடு பாதாளத்துக்குப் போன பாட்டுக்காரன் கதை.

ஞாயிற்றுக்கிழமை, ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய பழைய கீபோர்டைக் கூடத்தில் வைத்தேன். யாழ் பட்டனை அமுக்கினால் குழாய் ஒழுகுகிற சத்தம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்ததும் ஒரே ஒரு மார்கழி பஜனை மெட்டு. கிரேக்கன் அதில்தான் அழுதாக வேண்டும்.

"பாட்டுக்காரர் பாதாளத்துக்குப் போனாரு..."

"கேஜ்லயா?" என்றாள் மகள். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜைத் தவிர, பூமிக்குக் கீழே போக வேறு வழி அவளுக்குத் தெரியாது.

"நடந்து."

"நடந்தா? எந்த லெவலு?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்கப்பா நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்ல தெனமும் எறங்கி தெனமும் ஏறி வந்தாரு. யாரும் யாழ் வாசிக்கல. நீங்க சொல்லுங்க."

பாட்டைக் கேட்டு உருகிப்போன பாதாள ராஜா, பாட்டுக்காரன் தன் மனைவியைக் கூட்டிப்போகச் சம்மதித்ததைச் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, கறுப்புக் கட்டையில் ஒரு குத்து. "ஆனா, மேல போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கவே கூடாது!"

மகள் அசையவில்லை. "அது தெரிஞ்சதுதானேப்பா? சுடுகாட்டுல கொள்ளி வெச்சிட்டு வர்றவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. பெரிய தாத்தா செத்தப்போ நீதான் சொன்ன."

கிரேக்கத்தின் மாபெரும் ரகசியம் எங்கள் தெருவில் பாலபாடம்.

"இவர் பாத்துட்டாரு. பின்னால வந்துக்கினு இருந்த அந்தம்மா மறுபடி உள்ளயே போயிட்டாங்க" என்றேன், பஜனை மெட்டை இழுத்தபடி.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னாது? அவ்ளோ பாடிட்டு, வாசல் வரைக்கும் வந்து கோட்டை வுட்டானா? அப்படியே உங்க ரகம். தெனமும் ரயிலுக்குப் போறப்போ முக்குல நின்னு திரும்பி, 'ஐடி கார்டு எடுத்தேனா'ன்னு கத்துவீங்களே!"

கார்டு அப்போது என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை, பெருந்தன்மையாக, அவள் சொல்லவில்லை.

"வேஸ்ட் கதை. நான் சொல்ல மாட்டேன்" என்று மகள் எழுந்துவிட்டாள். கெஞ்சினேன். "அந்தக்காவ மேல கூட்டியாந்தா சொல்றேன்" என்றாள். என் மானத்துக்காகக் கிரேக்கத்தையே தாரை வார்த்தேன். "இன்னா வேணா பண்ணிக்கம்மா!"

ஃபேமிலி டே வந்தது. நான் மேடையோரம் பஜனை மெட்டைக் கறந்துகொண்டிருக்க, அவள் கதையை முடித்தாள். "அக்கா முன்னாடி நின்னாங்க. பாட்டுக்காரர் பின்னாடி நின்னாரு. திரும்பவே வேணாம். கேஜ் மேல வந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் மட்டும் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "தப்பும்மா. அவன் திரும்பிப் பாப்பான், அதான் கதை. இதுகூட அப்பா ஒழுங்கா சொல்லித் தரலியா?"

மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கையில் மைக் இருந்தது.

"உங்க வீட்ல யாரும் செத்ததே இல்லியா அங்கிள்?"

அரங்கம் சிரித்த சிரிப்பில், என் ப்ரமோஷன் ஷாஃப்ட்டுக்குள் விழுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ரயிலுக்குப் போகும்போது மனைவியும் மகளும் முன்னால் நடந்தார்கள். கீபோர்டைத் தோளில் சுமந்துகொண்டு நான் பின்னால்.

"ஏய், ஐடி கார்ட ஆபீஸ்லயே வுட்டுட்டேனா பாரு!" என்று கத்தினேன்.

இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.