நைனாவுக்கு மட்டும் மறையாத புள்ளி

ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். இடப்பக்கம் பெருக்கல் குறி, வலப்பக்கம் கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு குறியையே பாருங்கள், புள்ளி காணாமல் போகும், அதிசயம் என்று கீழே எழுதியிருந்தது. அட போங்கப்பா! இந்த அதிசயத்தால் எங்கள் வீட்டில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை, தெரியுமா?

அப்போது நான் ஒன்பதாவது படித்தேன். ராயபுரத்தில் துறைமுகத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. நைனா, அதாவது என் அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இன்றைக்கும் மெக்கானிக் கடையைத் தாண்டும்போது கிரீஸ் வாசனை வந்தால், நைனா வந்துவிட்டாரென்று புத்தகத்தைத் தேடுவேன். கிரேன் மேலே உட்கார்ந்தால் காசிமேட்டுப் படகில் எவன் பீடி பற்றவைக்கிறான் என்றுகூடத் தெரியும் என்பார். அதில் பாதியைக் கழித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் வரும்போது மட்டும் ஆள் அடங்கிவிடுவார். கண்ணில் கோளாறு என்றால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்களே!

சரியாக மெடிக்கலுக்கு முந்தின வாரம் பார்த்துத்தான் எனக்கு விஞ்ஞானி ஆகும் ஆசை வந்தது. இதே புள்ளிச் சோதனையைப் பத்துப் பேரிடம் செய்து எழுதி வரச் சொல்லியிருந்தார் சயின்ஸ் மிஸ். தபால் அட்டையில் குறியும் புள்ளியும் போட்டு, முதலில் அம்மாவிடம் நீட்டினேன். ஓரடி தூரத்தில் வந்ததும், "அய்யே, எங்கடி பூட்ச்சு?" என்று அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்து நைனா. அட்டை கிட்டே வந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மறஞ்சிச்சா நைனா?"

"இன்னாத்துக்கு மறையணும்? சோக்கா தெரிது."

"மறையணும் நைனா!"

"எங் கண்ணு பருந்துக் கண்ணும்மே. போய்ப் படி."

பக்கத்து வீட்டுக் கபூர் பாயும் கிரேன் ஓட்டுபவர்தான். "பளிச்சுனு கீதும்மா" என்றார், வேர்த்துக்கொண்டே. வரிசையில் பெண்கள் எல்லோருக்கும் மறைந்தது. கிரேன்காரர்கள் நான்கு பேருக்கும் மறையவே இல்லை. நான் விடுவேனா? 'உயரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் குருட்டுப் புள்ளி கிடையாது' என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறதென்று நினைப்பு.

வீட்டிலோ மூன்று வேளையும் பொன்னாங்கண்ணிக் கீரை. நைனா வாங்கி வந்துகொண்டே இருந்தார். ஆனால் ரெண்டு வாய்க்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. போதாக்குறைக்கு என் அட்டையும் காணாமல் போயிருந்தது. குளியலறையில் ஒளித்துவைத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

மிஸ் என் கண்டுபிடிப்பைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கண்ணுலேருந்து நரம்பு மூளைக்குப் போற இடத்துல யாருக்குமே பார்வை கிடையாதும்மா. எல்லாருக்கும் மறையும். உங்க நைனா பொய் சொல்றார்."

ஓடிவந்து நைனாவிடம் சொன்னேன்.

"டாக்டருக்குமா மறையும்?"

"டாக்டருக்கும்தான்."

அவ்வளவுதான், சுவர் அதிரக் கத்தினார். "பாய்! நமக்கு ஒண்ணும் இல்ல பாய்! எல்லாப் பயலுக்கும் மறையுதாம்!"

"அடப்பாவி, கீர துன்னு துன்னு வவுறு பேஜாராயிட்ச்சே!" என்றது சுவருக்கு அந்தப் பக்கம். ரெண்டு பேரும் மெடிக்கலில் பாஸ்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் நைனா மதியமே வீடு திரும்பினார். சரக்கை இறக்கும்போது கீழே ஓர் ஆள் நின்றது அவருக்குத் தெரியவில்லையாம். பக்கத்துக் கிரேனிலிருந்து பாய் கூவியதால் அந்த ஆள் பிழைத்தார். நைனா நேராக ஆபீசுக்குப் போய், கண் சரியில்லை, இனி ஏறமாட்டேன் என்று தானே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வாய மூடிகினு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கலாமேய்யா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கீழ நிக்கிறவனுக்கும் வூடு வாசல் கீதும்மே" என்றார் நைனா.

அந்தக் கிரேன்களை எல்லாம் வெட்டி இரும்புக்குப் போட்டாகிவிட்டது. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பாய் போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே நைனாவும். நைனாவை எடுத்த அன்று, முன்பின் தெரியாத ஒருவர் என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கீழ நின்னது நாந்தாம்மா" என்றார்.