மேனேஜர் பங்களாவின் வெள்ளை

மாடம்பாக்கம் போகும் வழியில், இடிபடும் பங்களாவிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் வண்டியை நிறுத்தினேன். கல்குவாரி கம்பெனியின் மேனேஜர் குடியிருந்த பழைய பங்களா அது. என் சின்ன வயதில், மத்தியானம் குவாரி வேட்டுச் சத்தம் கேட்டதும் பாத்திரங்கள் கிடுகிடுத்து, தூசி சோற்றில் படிந்து, எங்கள் லைன் வீட்டுச் சுவர்களில் விரிசல் நீண்டுகொண்டே போக, மேட்டில் அது மட்டும் வெள்ளைவெளேரென்று நிற்கும்.

“வேட்டாலதான் வெடிக்குதுன்னா என் வீட்டுச் சுவரும் வெடிச்சிருக்கணுமேம்மா?” என்பார் மேனேஜர், முறையிடப் போன அம்மாவிடம்.

“அப்போ மாசாமாசம் இன்னாத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறாங்க?” என்று திரும்பும் வழியெல்லாம் அம்மா முணுமுணுப்பாள்.

இன்று சுண்ணாம்பு பட்டை பட்டையாக உதிர்ந்த சுவரெங்கும் சிமெண்ட் வைத்து அடைத்த விரிசல்கள். சிமெண்ட் பெயர்ந்திருந்த ஒன்றில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது.