ஏழாம் பக்கம்

ஜனவரி 19, திங்கள்: காலையில், மருத்துவமனையில், என் மனைவி காலமானார்.
ஜனவரி 22, வியாழன்: தகனம்.
பெப்ரவரி 9, திங்கள்: எங்கள் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளும் நின்றன. இன்றுவரை இயங்கவில்லை.
பெப்ரவரி 10, செவ்வாய்: கல்வெட்டின் பிழைதிருத்தப் படி மின்னஞ்சலில் வந்தது. பன்னிரண்டு பக்கங்கள். ஏழாம் பக்கம் வெறுமை.
பெப்ரவரி 11, புதன்: மைத்துனி தொலைபேசியில் பேசினார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருவோர் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். இறந்தவரின் வரலாறும், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று செய்யுள்களும் அதில் இருக்கும். என் மனைவியின் கல்வெட்டில் அவளே எழுதிய பத்துப் பாட்டுகளும் இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வெங்காயத் தோட்ட வேலைக்குப் போனவள் அவள். செய்யுள் எழுத அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

நான் கற்றவன். ஆங்கில இலக்கிய வரலாற்றில், தாமாகவே எழுதப் பழகிய நாட்டுப்புறக் கவிஞர்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு: களத்தில் கதிரடித்தவர்கள், பால் கறந்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள். அவர்களுடைய பாட்டுகளைப் பதிப்பித்த கனவான்கள் ஊர்ச்சொற்களை நீக்கினார்கள்; கோபமான அடிகளை வெட்டினார்கள்; ஒரு பருவம் விருந்து மேசைகளில் அவர்களைக் காட்டிவிட்டு மறந்தார்கள். அன்பின் பெயரால் நடந்த அபகரிப்பு என்று அதை எழுதியிருந்தேன். தேர்வாளர்கள் அந்த வாக்கியத்தைப் பாராட்டினார்கள்.

செவ்வாய் மாலை, நகரின் கிழக்குப் பகுதியான வோபர்னிலிருந்து அச்சகக்காரர் அழைத்தார்.

“சேர், ஏழாம் பக்கம் சும்மா கிடக்கு. கணவர் புலம்பல் இன்னும் வரேல்லை.”

“எழுதுறன்.”

“கஸ்டமெண்டா எங்களிட்டை ரெடிமேட்டா நாலு இருக்கு. பேரை மட்டும் மாத்தினாச் சரி. ஆக்கள் அதைத்தான் கூட எடுக்கிறவை.”

“வேண்டாம்.”

“அப்ப வெள்ளி மத்தியானத்துக்கிடையிலை எல்லாத்தையும் முடிச்சுத் தாங்கோ. பிந்தினா முப்பத்தொண்டுக்குக் கிடைக்காது.”

படியை மனைவியின் தங்கைக்கும் அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை அவர் பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து அழைத்தார்.

“அத்தான், உது அக்கான்ரை பாட்டில்லை.”

“அவவின்ரைதான்.”

“தண்ணி மாறினதெண்டெல்லோ அக்கா எழுதினவ. இதிலை நீர் பாய்ச்சினதெண்டு கிடக்கு. ஆரும் என்ரை பேர் கேக்கேல்லை எண்டொரு வரி, அதைக் காணேல்லை. அந்த இடத்திலை பூமாதேவி வந்து நிக்கிறா.”

பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் நீரைத் திருப்பி விடுவதைத் தோட்டக்காரர் தண்ணி மாறுதல் என்பார்கள். பூமாதேவியை அங்கே நிறுத்தியவன் நான், யாப்புக்காக.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“எழுதின உடனை எனக்குப் போனிலை படிச்சுக் காட்டுவா. ‘உன்ரை அத்தானிட்டை அயர்ன் பண்ணக் குடுக்கப் போறன், அதுக்கு முதல் கேள்’ எண்டுவா. சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுறவ.”

மேசையில் ஒரு வெற்றுத் தாளைத் தேடினேன்.

“அத்தான், லைன்லை நிக்கிறியளே?”

“நிக்கிறன்.”

ஞாயிறு காலைகளில் அவள் தாளைக் கொண்டுவருவாள். நான் சிவப்பு மையில் திருத்துவேன். திருத்தியதை அவள் தன் கொப்பியில் அழகாகப் பிரதி செய்வாள். மூலத்தை நான் மடித்து, வீட்டு வாசலுக்கு வெளியே, குப்பையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்கும் துவாரத்தில் போட்டுவிடுவேன். பிழையுள்ள படி வீட்டில் இருக்கக்கூடாது. கொப்பி இப்போது மேசையில் இருக்கிறது. கையெழுத்து அவளுடையது.

எங்கள் வீடு நகர நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருக்கிறது. என் முழங்கால்களுக்குப் படிகள் ஆகா. நான்கு நாட்களாக நான் போகக்கூடிய ஆகத் தொலைவான இடம் அந்தத் துவாரம்தான். அதன் இரும்பு மூடியை நேற்று ஒருமுறை திறந்து பார்த்தேன். கீழிருந்து குளிர் வந்தது.

“நீர் சொல்லும், நான் எழுதுறன்,” என்றேன் தொலைபேசியில். மைத்துனி சொன்னார்:

தண்ணி மாறித் தண்ணி மாறி
விடிஞ்சு போச்சு.
ஆரும் என்ரை பேர் கேக்கேல்லை.
பாத்திக்குத் தெரியும்.

மூன்றாம் அடியில் என் கை தானாகவே ‘எவரும்’ என்று எழுதியிருந்தது. வெட்டினேன்.

ஆறு பாட்டுகள் இப்படிக் கிடைத்தன. மற்ற நான்கும் அவருக்கு நினைவில்லை. “நான் வேலையிலை நிண்டு கேட்டது அத்தான், ஒரே மெஷின் சத்தம்,” என்றார். அந்த நான்கும் கொப்பியில் மட்டுமே, என் திருத்தத்தோடு மட்டுமே இருக்கின்றன. நேற்றுப் பகல் முழுவதும் அவற்றை வைத்துக்கொண்டு இருந்தேன். நான் வைத்த சொல் ஒவ்வொன்றையும் என்னால் சுட்ட முடிகிறது. எடுத்த சொல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இன்று வியாழன். செய்யாமல் நிற்பவை:

அச்சகத்துக்கு ஆறு பாட்டுகளை அனுப்பி, பழையவற்றை நீக்கச் சொல்வது.

மற்ற நான்கையும் விடுவதா, திருத்தியவன் பெயரோடு போடுவதா என்று முடிவு செய்வது.

லிஃப்ட் பற்றிக் கட்டட நிர்வாகத்துக்கு இரண்டாம் கடிதம்.

ஏழாம் பக்கம்.

அவள் சிரித்தது உண்மையில் சிரிப்புத்தானா என்று மைத்துனியிடம் கேட்பது.