ஆறு விரல் உள்ளே

இடது கையின் இரண்டு விரல்களை நோட்டின் ஓரத்தில் படுக்கவைத்து, அவை முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார் எனெலேசி கபிச்சி. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கேள்வி. அடுத்த வரியில் இன்னும் இரண்டு விரல் தள்ளி இன்னொரு கேள்வி. மதியச் சாப்பாட்டு நேரம். ன்சீமாக் களியும் உசிபா மீனும் இருந்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. காலை முழுக்க வாசல் பெஞ்சை நெருக்கியடித்த தாய்மார்களில் மிச்சமிருப்பவர்கள் மாமர நிழலில் குழந்தைகளைக் கிடத்தியிருக்கிறார்கள். எனெலேசி யாரையும் பார்ப்பதில்லை. உதடு மட்டும் அசைகிறது. "இருந்தா... உள்ள போ. இல்லாட்டி... வெளிய வா."

எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் வாசலில் பன்னிரண்டு வருடமாக வரிசை பிரிக்கிறவர் அவர். வயது நாற்பத்தாறு. நீலக் கோட்டின் மேல் பையில் எப்போதும் ஒரு பிடி சோளம் இருக்கும், தின்பதற்கல்ல. காலை ஏழு மணிக்கு வந்ததும் முதல் வேலை, தகரப் பலகை ஒன்றைக் கேட்டின் ஆணியில் மாட்டுவது. 'சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டவும்.' மலாவியில் நோயாளியின் சரித்திரம் நோயாளியின் கையில்தான். மருந்து எழுதுவது அந்தச் சிறு புத்தகத்தில். பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புத் துணியின் முனையில் முடிந்துகொண்டு வருவார்கள் பெண்கள். புத்தகம் இல்லாவிட்டால் எதிர்க் கடையில் புதிது வாங்கி வரவேண்டும். மாவட்ட அதிகாரியின் வண்டி வந்தால் மட்டும் கேட் தானாகத் திறந்துகொள்ளும். அவரிடம் புத்தகம் கேட்டவர் எவரும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் தொடக்கப் பள்ளியில் கணினி வகுப்பு. சொல்லித்தருகிறவன் லிம்பிகானி, எனெலேசியின் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவன். ஆறு பழைய கணினிகள். மின்சாரம் அதன் இஷ்டப்படி வரும். எனவே பயிற்சி பெரும்பாலும் காகிதத்தில். வாசலில் வரும் கூட்டத்தைக் கணினி பிரித்துத் தந்தால் தன் தொண்டை தப்பும் என்றுதான் எனெலேசி சேர்ந்தார். நானும் பின்பெஞ்சில் இருந்தேன்.

இஃப், எல்ஸ், அதாவது 'இருந்தால், இல்லாவிட்டால்' பாடத்தை எங்களில் பலர் ஒரே வாரத்தில் தாண்டினோம். ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியை வைக்கும் பாடத்தில் மாட்டிக்கொண்டோம். வெளிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால்தான் உள்கேள்விக்கு முறை வரும் என்பது சொல்லும்போது எளிது. எழுதும்போது எது எதற்குள் இருக்கிறது என்பதே மறந்துவிடும். எனெலேசிக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு உள்கேள்வியையும் இரண்டு விரல் அளந்து தள்ளி எழுதினார். எழுதி முடித்ததும் பையிலிருந்து சோளமணிகளை எடுப்பார். ஒவ்வொரு மணியும் ஒரு ஆள். மேல் வரியில் வைத்து, பதிலுக்கேற்ப ஒவ்வொரு வரியாக நகர்த்தி, அந்த ஆள் எங்கே போய்ச் சேருகிறார் என்று பார்ப்பார். கற்பனை ஆள் கூடாது. தனக்குத் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி.

வகுப்பில் எங்களோடு படித்த மினிபஸ் நடத்துனர் ஃபான்வெல் சும்மா இருக்கமாட்டான். "அக்கா, சோளத்த வச்சு கம்ப்யூட்டர் படிக்கறீங்க. இப்படியே போனா எங்க வீட்டுக் கோழி உங்களுக்கு முன்னாடி பாஸ் பண்ணிடும்."

"கோழிய அனுப்பு தம்பி. அது உன்ன மாதிரி பாத்து எழுதாது."

மழை தொடங்கிய மாதத்தில் லிம்பிகானி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தான். அவரவர் வேலையில் இருக்கும் ஒரு முடிவை, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கேள்விகளில் எழுதிவர வேண்டும். எனெலேசி தன் வாசலை எழுதினார். புத்தகம் இருக்கிறதா? இரண்டு விரல் உள்ளே: ஐந்து வயதுக்குக் கீழா? நான்கு விரல் உள்ளே: காய்ச்சலா? ஆறு விரல் உள்ளே: வலிப்பு வந்ததா? வந்திருந்தால் வரிசையில் நிற்காமல் நேரே செவிலியரிடம். கணினியில் ஏற்றினார். ஒரு பிழை இல்லாமல் ஓடியது. லிம்பிகானி 'சரி' போட்டான். வகுப்பில் இருந்த பதினோரு பேரும் தலையாட்டினோம். புத்தகக் கேள்வி மேலே இருப்பது எங்களில் ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை. பிறந்தது முதல் எங்களை எல்லாம் அந்தக் கேள்விதான் வாசலில் நிறுத்தியிருக்கிறது.

அவர் மட்டும் சோளமணிகளை எடுத்து வைத்தார். ஐந்தாறு மணிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிறகு ஒரு சிறிய மணியை எடுத்து மேல் வரியில் வைத்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அது ஃபைனெஸ் என்ற பெண்ணின் மகன். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு மூன்று வயதில், வீட்டில் ஒருமுறை வலிப்பு வந்தபின், காய்ச்சலோடு வாசலுக்கு வந்தவன். வெள்ளம் வீட்டோடு புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தது. எனெலேசி விதிப்படி எதிர்க் கடையைக் காட்டினார். கடை மூடியிருந்தது. அதன் படியில், கடைக்காரன் வருவதற்குக் காத்திருக்கும்போது, தாயின் முதுகிலேயே பையனுக்கு இரண்டாம் முறை வலிப்பு வந்தது. உள்ளே தூக்கி வந்தபோது செவிலியர் செய்ய எதுவும் மிச்சமில்லை.

பையனின் அத்தை சூனியம் வைத்தாள் என்றது ஊர். ஆண்டவன் சித்தம் என்றார் போதகர். இரண்டில் எதை நம்பினாலும் வாசலில் நின்றவருக்குத் தூக்கம் வரும். எனெலேசிக்கும் இரண்டு வருடம் வந்தது. அந்த அத்தை இன்றும் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் இருக்கிறாள். குற்றவாளியோ, அந்தப் புத்தகக் கேள்வி, ஒரு காகிதத்தின் மேல் வரியில் உட்கார்ந்திருந்தது. சூனியத்துக்குச் சாட்சி கேட்காத ஊர், காய்ச்சலுக்குச் சாட்சியாகப் புத்தகம் கேட்டது.

திரையில் அந்தப் பையனின் விவரத்தைத் தட்டினார். 'புத்தகம் வாங்கி வரவும்' என்று வந்தது.

"இயந்திரம் தப்பு பண்ணல, வாத்தியாரே," என்றார். "நான் பன்னெண்டு வருஷமா சொன்னதத்தான் சொல்லுது."

லிம்பிகானி நோட்டை வாங்கித் தான் போட்ட 'சரி'யை அடித்தான். எனெலேசி அன்று வகுப்பு முடியும்வரை அழித்து அழித்து எழுதினார். முதலில் புத்தகம் இல்லாதவர்களுக்கென்று கீழே ஒரு கிளை சேர்த்துப் பார்த்தார். அதற்குள் எல்லாக் கேள்விகளும் மறுபடி முளைத்தன. கடைசியில் விளங்கியது. வலிப்புக் கேள்வியை ஆறு விரல் வெளியே இழுத்து ஓரத்தோடு ஒட்டவைக்க வேண்டும். எதற்கும் அடங்காமல் அதுவே முதலில். புத்தகக் கேள்வி கடைசிக்குப் போய், மருந்து தரும் ஜன்னலில் நின்றது. மணிகளை நகர்த்தினார். சிறிய மணி முதல் வரியிலேயே செவிலியரிடம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை நோட்டோடு நிலையப் பொறுப்பாளர் கம்வெண்டோவின் மேசைக்குப் போனார். அங்கே நடந்ததை எனெலேசியே எனக்குச் சொன்னார். பொறுப்பாளர் நோட்டைத் திறந்து, விரல் அளவுப் புள்ளிகளைப் பார்த்துச் சிரித்தாராம். விதி மேலிடத்திலிருந்து வந்தது, பலகையில் முத்திரை இருக்கிறது என்றாராம். நிலையத்துத் துணி வெளுக்கும் இடத்தில் ஆள் போதவில்லை, அங்கே யாரையும் மாற்றிவிடலாம் என்பதையும் நினைவுபடுத்தினாராம். பிறகு சொன்னது இது: "அம்மா, கேட்டுல கேள்வி கேக்கறதுதான் உங்க வேலை. எந்தக் கேள்வி மொதல்லன்னு முடிவு பண்றது உங்க வேலை இல்ல."

ஏழைகளின் வாசலில் எந்த வரி மேலே இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் அந்த வாசல் வழியாக நடந்து வருவதே இல்லை. இதில் ரகசியம் எதுவுமில்லை. யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதிய வரிசை. இன்னொருவர் மாற்றி எழுதலாம்.

அந்த வாரம் முழுக்க எனெலேசி பலகையை வழக்கம்போல மாட்டினார். சோளமணிகளை எடுக்கவில்லை.

அடுத்த திங்கள் காலை, சொந்தக் காய்ச்சலோடு நானே வரிசையில் இருந்தேன். இரவு பெய்த மழையில் கேட்டுக்கு முன்னால் சேறு. ஏழு மணிக்கு எனெலேசி பலகையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். ஆணியருகே நின்றார். பிறகு நடந்தார். பெஞ்சைத் தாண்டி, செவிலியர் அறையைத் தாண்டி, பொறுப்பாளரின் திறந்த கதவையும் தாண்டி, தாழ்வாரத்தின் கோடியில் மருந்து தரும் ஜன்னலின் கொக்கியில் அதை மாட்டினார். நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

வரிசையின் முதல் பெண் பழக்கத்தில் புத்தகத்தைத் தேடி இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். எனெலேசி அந்தக் கையை அப்படியே பிடித்து நிறுத்தினார். முதுகுத் துணியை விலக்கி, குழந்தையின் கழுத்தடியில் தன் இரண்டு விரல்களை வைத்தார்.