யாரும் பார்க்காத பாட்டனுக்கு ஒரு நட்சத்திரக் குறி

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். ஜெர்மனியில் மொழியியல் படிக்கும் என் தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, குளிக்கதுக்கு இங்கிலீஷ்ல ‘பேத்’, ஜெர்மன்ல ‘பாடன்’, ஸ்வீடன்காரனுக்கு ‘பாடா’. எல்லாத்துக்கும் தாய் ஒண்ணுதான்... ‘*பத்தோனன்’!”

“எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“எதுலயும் இல்ல. பிள்ளைகள ஒத்துப் பாத்து, தாய் இப்படித்தான் இருந்திருக்கணும்னு கணிச்சிருக்காங்க. எழுத்துல யாரும் பாத்ததில்லங்கதுக்குத்தான் முன்னால அந்த நட்சத்திரக் குறி.”

அடடா, என்ன நாணயம்! பார்க்காததைப் பார்க்கவில்லை என்று குறி போட்டு ஒப்புக்கொள்கிறார்கள். நம் ஊரில் நடக்குமா?

எங்கள் ஊர் இலஞ்சிக்குத் திரும்பினால், பெரியப்பா மகன் — எங்கள் அண்ணாச்சி — தெருக் கோயில் திருவிழா நோட்டீஸோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் மண்டகப்படி எங்களுடையது. அன்றைக்குப் பூஜையும் பிரசாதமும் எங்கள் குடும்பப் பொறுப்பு. நோட்டீஸில் கொட்டை எழுத்தில், ‘ராஜாவிடம் பட்டயம் பெற்ற வீரபத்திரர் வழிவந்தோர்’!

“யாரு அண்ணாச்சி இந்த வீரபத்திரரு?”

“நம்ம பாட்டனுக்குப் பாட்டன்லே. நம்ம வீட்டு ஆம்பளைக எல்லாருக்கும் பெரிய மீசை, பெரிய கோவம். அப்போ மேல ஒருத்தரு ராஜா கூட இருந்திருக்கணும்லா?”

அதே பத்தோனன் ஆராய்ச்சிதான். குறியைத்தான் காணோம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இன்னொரு பெயரையும் காணோம். செண்பகம் அத்தை! ஆண்கள் எல்லாம் சென்னை, துபாய் என்று கிளம்பிவிட்ட பிறகு, ஒரு வருஷம்கூட விடாமல் புளியோதரை கிளறி, மாலை கட்டி, அந்த மண்டகப்படியை வேறு கைக்குப் போகாமல் காப்பாற்றியவர். எப்போதும் கடைசி வரியில் அவர் பெயர் இருக்கும்.

“எடம் பத்தலலே. பட்டயம் ஒரு வரிய எடுத்துக்கிட்டுது” என்றார் அண்ணாச்சி, கூசாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோட்டீஸை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கோபமே இல்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாருக்கு. இந்த வருசம் புளியோதரைய அந்த வீரபத்திரரையே வந்து கிண்டச் சொல்லு.”

மறுநாளே நோட்டீஸ் மறுபடி அச்சுக்குப் போனது. அத்தை பெயர் வந்துவிட்டது. வீரபத்திரருக்குத்தான் இடம் பத்தவில்லையாம்!