நிற்காத மோட்டார்

நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் அடிப்பக்க விசிறியை முக்கி வைத்திருந்த அந்தப் பழைய படகு மோட்டார், ஒரே இழுப்பில் உறுமிக் கிளம்பியதும் எனக்குத் திருப்தியாகிவிட்டது. மாமாவுக்கு ஆகவில்லை. அக்காவைக் கட்டிய இந்த மனிதர், தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் காலம் தள்ளியவர். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரையே திருப்பிப் பார்த்தவர் என்று அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். அனகாபுத்தூரில் அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் ஏறும்போதெல்லாம் மீட்புப் படகுக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போய், எங்கள் தெருக்காரர்கள் சொந்தமாக ஒரு பைபர் படகு வாங்கியிருந்தார்கள். அதற்கு மோட்டார் பார்க்கத்தான் படப்பையில் ஒரு பைக் மெக்கானிக் வீட்டுக்குப் போயிருந்தோம்.

ஏன் விற்கிறீர்கள் என்று மாமா கேட்டதற்கு மெக்கானிக் எதையும் மறைக்கவில்லை. கோவளம் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு அவர் வாங்கிக் கொடுத்த மோட்டார் அது. தம்பி ஒரு நாள் தவறிக் கடலில் விழுந்துவிட்டான். ஆளில்லாத படகு நிற்காமல் வட்டமடித்து வந்து அவன் மேலேயே ஏறிவிட்டது. "வூட்ல வச்சிக்க முடியல சார்" என்றார். மாமா மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றினார்.

பிளக், ஆயில் எல்லாம் தேறின. கடைசியில், வெட்டி டேப் சுற்றிவிட்டிருந்த இரண்டு ஒயர்கள் அகப்பட்டன. குறை கிடைத்த உற்சாகத்தில் மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். இங்கே ஒரு சுவிட்ச் இருக்கவேண்டும், அதன் கயிற்றை ஓட்டுகிறவன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான், ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். "எந்த முட்டாள் இதை வெட்டினான்?"

"நான்தான் சார்."

மாமா ஒயரை விடவும் இல்லை, நிமிரவும் இல்லை. மெக்கானிக் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ, அது இருந்திருந்தா அன்னிக்கு நின்னுருக்குமா சார்?"

தன் வாழ்நாளில் கோளாறுள்ள ஒரு பொருளைக்கூடச் சரியென்று சொல்லாத மாமா சொன்னார்: "சொல்ல முடியாதுப்பா. பழைய சுவிட்ச். வேலை செஞ்சிருக்காது."

மெக்கானிக் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல சார். லேசா இஸ்தாலே நின்னுடும். கடல்ல சும்மா சும்மா நின்னு பேஜாரா கீதுண்ணான்னு தம்பி சொன்னான். அதான் வெட்டுனேன்."