ஏழாவது ஆள்

பெங்களூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவதாக ஒருவர் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். யாரும் முறைக்க மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அவர் வாயைத் திறப்பதற்குள் என் இடுப்பு தானாக நகர்ந்துவிடுகிறது. ஊரில் காற்றாட உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே பஸ் மட்டுமல்ல, வீடும் அப்படித்தான். ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறை. தெருவைத் தோண்டிப் போட்டு மாசக்கணக்கில் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். என் மனைவி கலாவுக்கு வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "ஒரு வாரம் நல்ல காத்து இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கே போவது என்று நான் யோசிக்கவே தேவையில்லை. சிக்கலே அங்கேதான்.

ஏலகிரி அடிவாரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தம்பி முருகன் தன் மனைவியோடு அங்கே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு வருடம் முன்பு, நான் வேலை செய்யும் பீன்யா தொழிற்சாலையின் கேண்டீனில், சூப்பர்வைசர் மஞ்சுநாத் புலம்பிக்கொண்டிருந்தார். லீவுக்குப் போகிற இடமெல்லாம் பிளாஸ்டிக் குப்பை, ஜெனரேட்டர் சத்தம். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல், கார் எடுக்காமல், ரயிலிலேயே போய்வர ஓர் இடம் வேண்டுமாம்.

"நிம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன் கூச்சத்தோடு. "பக்கத்துல கடைகூட கெடையாது. ஏசி இல்ல. டிவியும் ரிப்பேர்."

"அதே பேக்கு ரீ!" என்று மேஜையைத் தட்டினார். அதுதான் வேண்டுமாம். நான் ஊரைக் குறைத்துச் சொன்னேன். அவர் விளம்பரமாக எடுத்துக்கொண்டார்.

அவர் குடும்பம் போய்வந்து நாலு பேரிடம் சொல்ல, தம்பி பின்பக்கம் அறைகள் கட்டினான். புக்கிங் என் பொறுப்பு. ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு ஷேர் ஆட்டோ, தண்ணீர் பாட்டில் கூடாது என்று சட்டமெல்லாம் போட்டேன். போன கோடையில் ஆசைப்பட்டுப் பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டோம். கிணறு தரை தட்டிவிட்டது. பக்கத்து நிலத்து ராஜம்மாவுக்கும் அந்தக் கிணற்றில் பங்கு உண்டு. நான் ஊருக்குப் போயிருந்தபோது வேலியோரம் வந்து நின்றாள். "உங்க பெங்களூருக்காரங்க குளிக்கறதுக்கு எம் மாடு நாக்கு வறண்டு சாவணுமா?" என்று கேட்டாள். அவள் கை என்னையும் சேர்த்துத்தான் காட்டியது. கோடையில் ஆறு பேருக்கு மேல் வர மாட்டார்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

இந்த மே மாதம் மெஷின்களைப் பழுது பார்க்கத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடுகிறார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு வார லீவு. ஆனால் சூப்பர்வைசருக்கு அது முன்பே தெரியுமல்லவா, அந்த வாரத்துக்கு மஞ்சுநாத் ஆறு பேருக்கு இடம் பிடித்துவிட்டார். விஷயம் தெரியாமல் சரி என்று உறுதி செய்தவன் நானேதான். அவரிடம் போய் வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஆறு பேர் ஃபுல்லாச்சேண்ணா," என்றான். "நீயும் அண்ணியும் வந்தா எட்டு. ராஜம்மா வேலிகிட்ட நின்னு தலைய எண்ணுது."

"என் வீட்டுக்கு நான் வர்றதையும் எண்ணுமா?"

"வராதன்னு நான் சொல்வனா? வாண்ணா. ஆனா அதுகிட்ட நீயே பேசிக்கோ."

நான் விரித்த வலையில் நானே மாட்டிக்கொண்டு யார் மேல் கோபப்படுவது? பெங்களூரில் எல்லாம் அட்ஜஸ்ட் ஆகும், எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. வேறு இடங்களை விசாரித்தேன்; இயற்கை, பசுமை என்று பெயர் வைத்த இடமெல்லாம் நிரம்பிவிட்டன. கலா இருமிக்கொண்டே சிரித்தாள். "ஊருக்கெல்லாம் நல்ல காத்து புடிச்சுக் குடுத்தீங்க. எனக்குத்தான் இல்ல போல." விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

லீவுக்கு முதல் நாள் மஞ்சுநாத் வந்தார். அவர் மைத்துனர் வரவில்லையாம். "ஒந்து சீட் காலி இதெ. யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார். என் வீட்டில் இடம் காலியாக இருப்பதை அவர் எனக்குச் சொல்கிறார். யார் போவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கலாதான் அடம்பிடித்தாள்.

"நீங்க இல்லாம உங்க வீட்ல நான் என்ன பண்ணுவேன்?"

"இருமாம தூங்கு" என்றேன்.

மறுநாள் காலை ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியனுப்பப் போன நான் பிளாட்பாரத்தில் நின்றேன். பக்கத்தில் மஞ்சுநாத்தின் மனைவி. "கெணத்துத் தண்ணி எஷ்டு ருசி தெரியுமா? கெழக்கு ரூம் கேளுங்க, காத்து சூப்பரா வரும்" என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த அன்று அந்த வீட்டில் விளக்கேற்றிய என் மனைவி, முதல்முறை போகிறவள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுநாத் வாசல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வொரி மாடபேடி, கவலையே படாதீங்க. அது நம்ம வீடு மாதிரி. மேடத்த நல்லா பாத்துக்கறோம்."

மனதாரத்தான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வண்டி நகர்ந்தது. கணக்குச் சரியாக ஆறு பேர் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்கள். நான் வாடகை வீட்டுக்கு நடந்தேன்.